எஃப்.சி. மைதானத்துக்கு வண்டியை நீங்களே ஓட்டி வாருங்கள்

கேள்வி: அய்யா, காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. நாலு மாதம் முன்பு வெள்ளகோவில்காரர் ஒருவரிடம் 2016-ல் பதிவான குட்டி யானை (டாடா ஏஸ்) ஒன்றை வாங்கினேன். ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. போன மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்துவிட்டது. புரோக்கர் ஒருவர் மொத்தமாக 14,000 ரூபாய் கேட்கிறார். வண்டியைக் கொண்டுவரவே வேண்டாம், தாள் வீடு தேடி வரும் என்கிறார். பெயின்டரோ, முழு வண்டிக்கும் அடித்தால்தான் பாஸ் ஆகும் என்கிறார். நானே போய் எடுக்க முடியுமா? அதுவரை களத்துக்கும் எண்ணெய் மில்லுக்கும் நடுவில் மட்டும் லோடு ஓட்டலாமா? அப்பாவின் ஆம்னி வேனுக்கும் 15 வருஷம் முடியப் போகிறது. அதற்கும் இதே வேலைதானா?

பதில்: தம்பி, லோடு ஓட்டலாமா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு இன்றைக்கே பதில் தெரிந்தாக வேண்டும். ஓட்டக் கூடாது. களத்துக்கும் மில்லுக்கும் நடுவில் நாலே கிலோமீட்டர்தான் என்றாலும் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 56 என்ன சொல்கிறது என்றால், செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி முறையாகப் பதிவான வண்டியே அல்ல. கையில் ஆர்.சி. இருந்தும் இல்லாத மாதிரிதான். பிரிவு 192-ன்படி முதல் தடவை சிக்கினால் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். வண்டியைப் பிடித்து நிறுத்தவும் அதிகாரம் உண்டு. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். ஊதியூர் ரோட்டில் ஒரு டிவிஎஸ் 50 குறுக்கே வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்கும் தாள்களில் எஃப்.சி.யும் ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பான வழக்குகள் இருக்கின்றன. அந்த உரிமையாளர் யார்? ஆர்.சி.யில் பெயர் இருக்கும் வெள்ளகோவில்காரர். அவர் அடுத்த நிமிஷம் உங்கள் வாசலில் நிற்பார். ரெண்டு வாரம் வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புரோக்கர். எல்லாப் புரோக்கரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க லாரியில் கிடப்பவருக்கு ஆன்லைன் வேலையைச் செய்துகொடுத்து நியாயமான கூலி வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் "வண்டி வர வேண்டாம்" என்கிறவர் அந்த ஆள் இல்லை. தகுதிச் சான்று என்பது வண்டியைப் பார்த்துத் தருவது. பார்க்காமல் வந்த தாள் பிறகு போலி என்று தெரிந்தால் மாட்டுவது நீங்கள்தான், அவர் நம்பரை மாற்றிவிட்டுப் போய்விடுவார்.

நான் இருபத்தெட்டு வருஷம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தேன். ஊரில் சொல்கிற மாதிரி சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். எஃப்.சி. என்றால் என்ன என்று கேட்பவருக்கு அந்தப் பெயரே பாதிப் பதில். வண்டியைச் சோதிக்கும் மைதானத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியைப் பார்க்கிற மாதிரிதான் எங்களைப் பார்ப்பார்கள். உள்ளே என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்று. அப்படியெல்லாம் இல்லை. என்ன பார்ப்பார்கள் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 62-வது விதியில் பட்டியலாகவே இருக்கிறது. முகப்பு விளக்கு, மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடாமீட்டர், ஸ்டீயரிங். பெயின்ட் என்று அதில் தனியாக ஒரு வரி கிடையாது.

அதற்காக உங்கள் பெயின்டர் முழுப் பொய் சொல்கிறார் என்றும் ஆகாது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகரம், அழிந்துபோன எழுத்து, மங்கின நம்பர் பிளேட் இதெல்லாம் நிச்சயம் கேட்பார்கள். துரு இருக்கும் இடத்தைச் சுரண்டி டச்-அப் செய்யுங்கள். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து, பக்கத்தில் காலி எடை, மொத்த எடை, எஃப்.சி. தேதி ஆகியவை தெளிவாக இருக்கட்டும். முழு வண்டிக்கும் அடிக்கும் காசை பிரேக்குக்குக் கொடுங்கள். பளபளவென்று புதுப்பெண் மாதிரி வந்த வண்டியைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும், எதை மறைக்க இவ்வளவு அலங்காரம் என்று.

சரி, நீங்களே எடுக்க முடியுமா? முடியும். ஆனால் உங்கள் சிக்கல் வண்டியில் இல்லை, பழைய உரிமையாளரின் செல்போனில் இருக்கிறது. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் எஃப்.சி.க்கு விண்ணப்பித்தால் ஆர்.சி.யில் பதிவான நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகும். அது வெள்ளகோவில்காரருடைய நம்பர். முதல் வேலையாக அவருக்குப் போன் போட்டு, ஒரு நாள் உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். வண்டி விற்றால் வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. நீங்கள் நாலு மாதம் விட்டிருக்கிறீர்கள். இப்போது எஃப்.சி.யும் இல்லாததால் பெயர் மாற்றம் நகராது. அவர் பெயரிலேயே எஃப்.சி.யை முடித்து, அதே கையோடு படிவம் 29, 30-ல் அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு பெயர் மாற்றத்துக்குப் போங்கள். அவர் கரூரிலோ நாமக்கல்லிலோ ஃபைனான்ஸ் போட்டு வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் அந்த ஃபைனான்ஸ் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்திருந்தும் படிவம் 35 கொடுத்து அதை நீக்காமல் விட்டவர்கள் நம் பக்கம் ஏராளம்.

உட்காரும்போதே மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள். வரி பாக்கி, பசுமை வரி (சரக்கு வண்டிக்கு ஏழு வருஷத்துக்கு மேல் உண்டு), போலீஸ் கேமராவில் விழுந்த பழைய அபராதம். பழைய உரிமையாளர் ஹெல்மெட் போடாத கணக்கு இதில் வராது, ஆனால் அந்த வண்டியில் அவர் வேகமாகப் போனது வரும். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். புகைச் சான்று பி.எஸ். 4, பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிக்கு ஒரு வருஷம் செல்லும், அதற்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதம்தான். 2016 என்பது ரெண்டும் கெட்டான் காலம், அதனால் உங்களுடையது எது என்று ஆர்.சி.யிலேயே பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். எஃப்.சி. புதுப்பிக்க ஃபாஸ்டேக் வேண்டும். அவர் பெயரில் இருந்தால் நாளைக்கு நீங்கள் டோல்கேட் தாண்டும்போது அவருக்கு மெசேஜ் போகும். பர்மிட் பற்றிக் கவலை வேண்டாம், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை, குட்டி யானை அதற்குள்தான் வருகிறது.

தாள் எல்லாம் சரி என்றான பிறகுதான் பட்டறைக்குப் போக வேண்டும். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்வார்கள். முதலில் பெயின்ட், அப்புறம் ஸ்டிக்கர், அப்புறம் பட்டறை, கடைசியில் தாள். தாளில் ஏதோ சிக்கி ஒரு மாதம் இழுக்கும்போது, அடித்த பெயின்டின் மேல் மறுபடி தேங்காய் மட்டை உரசியிருக்கும்.

பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்? "எஃப்.சி.க்குத் தயார் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கழுவி, கிரீஸ் அடித்து, பல்பு மாற்றித் தருவார்கள். நாலு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின்னால் லைனிங் எவ்வளவு மிச்சம், வீல் சிலிண்டரில் ஆயில் கசிகிறதா, டிரம்முக்குள் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஒரு பக்க லைனிங் ஈரமாக இருந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். காலி வண்டியில் அது தெரியாது, கொப்பரை மூட்டை ஏற்றி மழை ரோட்டில் அடித்தால்தான் தெரியும். ஹேண்ட் பிரேக்கைப் பட்டறைக்காரர்கள் கண்டுகொள்வதே இல்லை, ஏனென்றால் ஓட்டுகிறவர்களும் கண்டுகொள்வதில்லை. கல்லை வைத்துத்தானே வண்டியை நிறுத்துகிறோம். நான் வண்டியை மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடச் சொல்வேன். கல்லைத் தேடிக் கீழே பார்க்கிறவரின் வண்டி திரும்பிப் போகும்.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைக்கும் உள்ள தூரம்தான் அது. முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கிங்பின்னா பேரிங்கா என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். முகப்பு விளக்கை ராத்திரி உங்கள் களத்துச் சுவரில் அடித்துப் பார்த்தால் போதும். லோ பீம் வெளிச்சம் விளக்கின் உயரத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். மேலே ஏறினால் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிறது என்று அர்த்தம். வாங்கிப் போட்ட எக்ஸ்ட்ரா எல்.இ.டி. பட்டை, ஏர் ஹாரன் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள்.

டயருக்கு வருவோம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அளக்கக் கருவி வேண்டாம். டயரின் பள்ளத்துக்குள்ளேயே சின்ன மேடு வைத்திருப்பார்கள், தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. இதை எழுதும்போது ஒரு நாள் ஞாபகம் வருகிறது. காலையில் ஒரு லாரியைப் பார்த்தேன், ஆறு சக்கரமும் நல்ல டயர். அதில் ஒன்றின் பக்கவாட்டில் யாரோ வெள்ளை பெயின்டில் சின்னதாக வேல் வரைந்திருந்தார்கள். பாஸ் போட்டேன். மத்தியானம் இன்னொரு லாரி. அதே வேல். முருகன் அன்றைக்கு ரெண்டு லாரிக்கும் துணை வந்திருக்கிறார்! விசாரித்தால் எஃப்.சி.க்கென்றே ஒரு செட் டயர் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து டயரைப் பார்ப்பதோடு வீல் நட்டையும் பார்ப்பேன், அன்றைக்குக் காலையில் ஸ்பேனர் பட்ட நட்டு தனியாக மின்னும்.

குட்டி யானைக்கென்று சில வம்புகள் உண்டு. பழைய உரிமையாளர் நார் மூட்டை, மட்டை ஏற்ற பக்கக் கம்பியை உயர்த்திக் கட்டியிருப்பார். பின்னால் ஸ்பிரிங்கில் கூடுதலாக ரெண்டு பட்டை சேர்த்திருப்பார். ஆர்.சி.யில் இருப்பதைவிட வண்டி மாறியிருந்தால் அது ஒரு குற்றம். எஃப்.சி. நிற்பதற்கும் அதுவே காரணமாகும். உயர்த்தின கம்பியை அறுத்து எடுப்பதற்கு வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேரம் போதும். பட்டையையும் கழற்றுங்கள். வண்டியின் ஸ்பிரிங் தாங்குகிறது என்பதற்காக அதன் பிரேக்கும் தாங்கும் என்று இல்லை.

ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். அங்கீகாரம் பெற்ற டேப்பாகப் பார்த்து, சான்றோடு வாங்கி ஒட்டுங்கள். ஃபேன்சி கடையில் முழம் கணக்கில் கிடைப்பது செல்லாது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை உங்களிடம் விற்க யாராவது வருவார்கள். உச்ச வேகமே 80 கிலோமீட்டரைத் தாண்டாது என்று தயாரிப்பு நிலையிலேயே சோதித்துச் சான்று பெற்ற வண்டிக்கு விதி 118-ல் விலக்கு இருக்கிறது. உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அப்புறம் பர்ஸைத் திறங்கள். முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், ஸ்டெப்னி, ஜாக்கி இருக்கட்டும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்தும் இருக்கட்டும். பீடிக்கட்டு மட்டும் இருந்த பெட்டிகளை நான் நிறையத் திறந்திருக்கிறேன்.

ஆய்வு நாளன்று காலி வண்டியாக, கட்டணம் கட்டிய ரசீதும் மற்ற தாள்களும் கையிலிருக்க, வீட்டிலிருந்து நேராக மைதானத்துக்குப் போங்கள். வழியில் ஒரு மூட்டைகூட ஏற்ற வேண்டாம், காலாவதியான வண்டி அது என்பது ஞாபகம் இருக்கட்டும். முந்தின நாளே சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த வேஸ்ட் துணியால் துடைத்து எழுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள். பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டி யானையில் அந்த இடத்தில் சேறு அப்பிக்கொண்டு நம்பரே தெரியாது. வரிசையில் நிற்கும்போது பதற்றப்பட வேண்டாம். ஆய்வாளர் ஓட்டச் சொன்னால் ஓட்டுங்கள், அடிக்கச் சொன்னால் பிரேக்கை அடியுங்கள். ஏதாவது குறை சொன்னால் "சார், இதை மட்டும் விட்டுடுங்க" என்று கெஞ்சாமல், என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால் பட்டறைக்காரருக்கும் காட்டலாம், சரிசெய்து மறுபடி வரலாம். மறுத்தது நியாயமில்லை என்று பட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய பிரிவு 57 வழி தருகிறது. ஆனால் லைனிங் தேய்ந்ததற்கெல்லாம் மேல்முறையீடு போகாதீர்கள்.

தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021-ல் வந்திருக்கின்றன. உங்கள் விண்ணப்பம் அப்படி ஒரு நிலையத்துக்குப் போனால் மேட்டில் நிறுத்துவது, ஆட்டிப் பார்ப்பது எல்லாம் கிடையாது. உருளை மேல் சக்கரத்தை ஏற்றினால் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் கருவியே அளந்து சொல்லும். அங்கே புதுப் பெயின்ட் எதற்கும் உதவாது.

பாஸ் ஆனால் படிவம் 38-ல் சான்று வரும். எட்டு வருஷம் வரை உள்ள வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., எட்டைத் தாண்டினால் வருஷா வருஷம். உங்களுடையது தாண்டிவிட்டது. அதனால் அடுத்த வருஷமும் இதே கதைதான், ஓ.டி.பி. மட்டும் உங்கள் போனுக்கு வரும்.

ஆம்னிக்கு வருகிறேன். சொந்த உபயோக வண்டிக்கு எஃப்.சி. என்று தனியாக இல்லை. ஆர்.சி.யே 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு வண்டியைக் காட்டி அஞ்சு அஞ்சு வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம், இதற்கும் பசுமை வரி உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து பழைய வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் நிறையவே கூடிவிட்டது. பரிவாஹனில் நம்பரைப் போட்டால் தொகை வந்துவிடும். வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பேசுங்கள். அவர் விற்க மாட்டார், எனக்குத் தெரியும். ஊரார் வண்டிக்கெல்லாம் தேதி பார்த்த நானே என் டிவிஎஸ் 50-க்கு 15 வருஷம் முடிந்ததை எட்டு மாதம் கவனிக்காமல் மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது என் மனைவி.

ஒன்று மட்டும் இப்போதே பாருங்கள். நம் பக்கத்து ஆம்னிகளில் பாதிக்கு காஸ் கிட் இருக்கும். அது கம்பெனியிலிருந்தே வந்ததா, வெளியே பொருத்தியதா, ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் காஸ் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் புதுப்பிக்கும் நாளன்று மைதானத்தில் அதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், அதற்கு முன்பே அலுவலகத்தில் போய்க் கேட்டு முடியுங்கள்.